இடது கதவின் உள்பக்கம்

கறை கதவின் உள்பக்கத்தில் இருந்தது. வெளிப்பக்கத்தில் இருந்திருந்தால் யசுயோ இரண்டாவது முறை பார்த்திருக்க மாட்டாள்.

வெளிப்பக்கத்தில் கை படும். தூக்குகிறார்கள், கீல் வைத்துப் பார்க்கிறார்கள், ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்கோ ஒரு விரல் வேர்த்து, கையுறையைத் தாண்டி மரத்தில் ஒட்டிவிடும். உள்பக்கம் அப்படியில்லை. இழைத்த அன்றே தாளில் சுற்றி மாடியில் வைத்துவிடுவார்கள். கதவு மாட்டிய சாமி மாடம் ஒரு வீட்டுக்குப் போய் உள்ளே சாமி குடியேறிய பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்க யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. காலையிலிருந்து விடாமல் பெய்த பனி ஜன்னலின் பாதிவரை ஏறி, பட்டறைக்குள் வந்த வெளிச்சத்தைப் பால் கலந்த தண்ணீர்போல ஆக்கியிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் முனகியது. நாற்பது வருடமாகச் சுவரிலும் கூரையிலும் ஊறிப்போன ஹினோகி மரத்தின் வாசனை, எலுமிச்சையும் கற்பூரமும் கலந்ததுபோன்ற அந்த வாசனை, ஈரத்தில் இன்னும் கனத்து அவள் தொண்டைக்குள் இறங்கியது. அதற்கு அடியில் வேறொரு வாடை மெலிதாக இருந்தது. அவள் கதவை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். வெள்ளை மரத்தில் லேசான மஞ்சள். கண்ணாடியில் விட்ட மூச்சுபோல. ஒரு பெரிய திட்டு. அதற்கு மேல் ஐந்து சின்னத் திட்டுகள்.

"யாரு கை அக்கா அது?" இவாசே எட்டிப் பார்த்தான். பட்டறையின் தச்சன். நாற்பது வயது, வாய் மூடாது. "என்னைப் பாக்காதீங்க. நான் மூக்கு நோண்டுறதுகூட கையுறை போட்டுக்கிட்டுத்தான்."

"அந்தக் கையுறையைத்தான் நான் துவைக்கிறேன்."

"அதான் பளபளன்னு இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. குராதா மேஸ்திரியின் பட்டறையில் சாமி மாடங்களுக்கு வார்னிஷ் கிடையாது, சாயம் கிடையாது. இழைத்த மரம் அப்படியே நிற்கவேண்டும். கையின் வேர்வை பட்ட அன்றைக்குத் தெரியாது. பத்து, பதினோரு நாள் மரத்துக்குள் இருந்துவிட்டு மேலே வரும். வந்ததை எடுப்பது யசுயோவின் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

பதினோரு நாளைப் பின்னால் எண்ணினாள். திங்கட்கிழமை. அன்றைக்கு இந்தக் கதவைத் தாளில் சுற்றியது அவள்தான்.

கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றி, துணியை முக்கிப் பிழிந்து, கறையின் மேல் ஒற்றினாள். தேய்க்கக் கூடாது. சூடு உப்பை மேலே இழுக்கும், துணி வாங்கிக்கொள்ளும். நூறு கறையில் தொண்ணூறு இதிலேயே போய்விடும். துணியை எடுத்தாள். மஞ்சள் பழுப்பாகியிருந்தது. திட்டுகள் சேர்ந்திருந்தன. அது ஒரு உள்ளங்கை. அவளுடையதைவிடப் பெரியது.

"மேஸ்திரி" என்று இவாசே கூப்பிட்டுவிட்டான்.

குராதா வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது. கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும்.

"இந்த ரெண்டு கதவும் ஒரே பலகை. நடுவுல பிளந்தது. ஐந்நூறு வருஷ மரம். இன்னொண்ணு கிடையாது. புதன்கிழமை ஒப்படைக்கணும்." கதவையே பார்த்தார். "கையைக் காட்டுங்க. தொடாம, மேல பிடிங்க."

இவாசே கையுறையைக் கழற்றி, கறைக்கு மேலே கையைப் பிடித்தான். விரல்கள் குட்டை. மேஸ்திரி தன் கையைப் பிடித்தார். அகலம் போதவில்லை. யசுயோவின் கை அதற்குள் குழந்தையின் கை.

"சின்ன விரலைப் பாருங்க" என்றான் இவாசே. "வெளிய வளைஞ்சிருக்கு. ஒடிஞ்சு தப்பா கூடுன விரல் மாதிரி."

யசுயோ பார்த்தாள்.

அந்த விரல் ஒடிந்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள். அவள் குனிந்துகொண்டாள்; கை தூணில் பட்டது. அதற்குப் பிறகு அவள் புருஷன் கட்சுமி அடிக்கும்போதெல்லாம் முதலில் அவள் தலைமுடியைப் பிடித்துக்கொள்வான்.

"வெளியாள் எவனாவது உள்ள வந்தானா?"

"யாரும் வரல மேஸ்திரி" என்றாள்.

குராதா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆசிட் போட்டு எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் காலையில் அவர் பட்டறை வாசலில் நிற்பார், துவைத்த கையுறைக் கூடையோடு. "வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்பார். "ஒண்ணும் இல்ல மேஸ்திரி" என்று சொன்னால்தான் கையுறை. சாவு விழுந்த வீட்டிலிருந்து வருகிறவர் ஐம்பது நாள் மாடத்தைத் தொடக் கூடாது. இவாசேயின் அப்பா இறந்தபோது அவன் ஐம்பது நாளும் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஆறு வருடத்துக்கு முன் ஒருவன் அண்ணன் செத்ததை மறைத்துவிட்டு ஒரு வாரம் வேலைக்கு வந்தான். தெரிந்ததும் மேஸ்திரி அந்த வாரத்தில் செய்த ஏழு மாடங்களையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். அவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அதன் பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை.

யசுயோ பதினோரு காலைகள் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். இன்றோடு பன்னிரண்டு.

கட்சுமி இறந்துவிட்டான் என்று ஒசாகாவிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் கூப்பிட்டபோது, எப்படி அவளைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் முதலில் கேட்டாள். குடும்பப் பதிவேட்டில் அவள்தான் மனைவி என்றார்கள். விவாகரத்துத் தாளில் அவன் முத்திரை வேண்டும். அதற்கு அவனுக்கு அவள் முகவரி தெரியவேண்டும். ஒன்பது வருடமாக அதனால்தான் தாள் அனுப்பவில்லை. சனிக்கிழமை போனாள். ஞாயிறு எரித்தார்கள். எரிப்பதற்கு முன், கைகளைக் கூப்பி வைக்கச் சொன்னார்கள். கையுறை இல்லாமல் அந்தக் கையைத் தொட்டாள். சின்ன விரல் அடங்கவில்லை. அமுக்கிப் பார்த்தாள். மறுபடி வெளியே வந்தது. எலும்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்த பையன் "நிஜமாவா? ஒரு துண்டுகூட வேணாமா?" என்று கேட்டான். இரவு ரயிலைப் பிடித்தாள். திங்கள் காலை எட்டு மணிக்கு மேஸ்திரியின் முன்னால் நின்றாள்.

அவன் என் வீடு இல்லை என்று ரயிலில் முடிவு செய்திருந்தாள். வேலை போனால் ஐம்பத்து மூன்று வயதில் இன்னொன்று கிடைக்காது. அது ஒன்று. இன்னொன்று, அந்த ஐம்பது நாள். ஒற்றை அறையில், வேலை இல்லாமல், அவனுக்காக உட்கார்ந்திருக்கவேண்டும். அவனிடமிருந்து தப்பி வந்து ஒளிந்த அறை அது.

ஆக்சாலிக் அமிலம் வெள்ளை உப்பு மாதிரி இருக்கும். வெந்நீரில் கரைத்தாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, தட்டைத் தூரிகையால் கதவு முழுவதும் பூசினாள். கறைமேல் மட்டும் பூசினால் ஓரத்தில் வளையம் விழும்; பிறகு அந்த வளையத்தை எடுக்க முடியாது. முழுக்க நனைத்து, காத்திருந்து, சுத்தத் தண்ணீரில் மூன்று முறை துடைத்தாள். பழுப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் கரைந்தது. நாலரை மணிக்கு, விளக்கைப் போடும் நேரத்தில், கதவு சலித்த மாவுபோல வெளுப்பாக இருந்தது. மாடியில் நிழலில் சாய்த்து வைத்தாள்.

அன்று நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை மேஸ்திரி கேட்டார். "வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

கையுறையைக் கொடுக்காமல் ஒரு நொடி வைத்திருந்தார். பிறகு கொடுத்தார்.

மாடியில் கதவு அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கை திரும்பி வந்திருந்தது. நேற்று விரல்கள் சேர்ந்திருந்தன. இன்று விரிந்திருந்தன. கீழே மணிக்கட்டும் தெரிந்தது.

இவாசே இந்த முறை ஜோக் அடிக்கவில்லை. "அக்கா, இது மேல இருந்து பட்டது இல்ல" என்றான்.

"வேற எங்க இருந்து வரும்?" என்றார் குராதா. "இழைச்சுத் தள்ளு. ஒரு மில்லிமீட்டர் போகலாம். அதுக்கு மேல போனா சட்டத்துல உக்காராது."

இவாசே கதவை மேசையில் கிடத்தினான். மரத்தின் நார் ஒரு பக்கமாகத்தான் ஓடும். எதிர்ப்பக்கம் இழைத்தால் பிய்ந்துவிடும். நார் ஓடிய திசையில் விரல் நுனிகள் அவனைப் பார்த்திருந்தன. இழைப்புளியை எதிர் ஓரத்தில் வைத்து, வயிறுவரை இழுத்தான். பட்டுத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். கதவு அகலத்துக்கு ஒரே சுருள், கண்ணாடித் தாள்போல. அதை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். சுருளில் கை இருந்தது. கதவைப் பார்த்தான். கதவிலும் இருந்தது.

இன்னொரு முறை இழுத்தான். இந்தச் சுருளில் கை இன்னும் கறுப்பு.

"இழைக்க இழைக்க மங்கணும்" என்றான். "இது தெளியுது." குனிந்து முகர்ந்தான். உடனே நிமிர்ந்தான். "சாராய வாடை. சாராயமும் சிகரெட்டும். என்னக்கா இது?"

"மரம் ஈரமா இருக்கு. அதான்."

"நான் இதைத் தொடமாட்டேன். வேணும்னா வேலையை விட்டு எடுக்கச் சொல்லுங்க."

அப்போது கூரை முறிவதுபோல ஒரு ஓசை. குராதா மேலே பார்த்தார். இரண்டு நாள் பனி. "வா" என்றார் இவாசேயிடம். "முதல்ல கூரையை இறக்குவோம். இல்லேன்னா கதவும் இருக்காது, நாமளும் இருக்கமாட்டோம்." வாசலில் நின்று திரும்பினார். "யசுயோ."

"மேஸ்திரி?"

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

கெட்டில் முனகியது.

"இல்ல மேஸ்திரி."

"அப்ப நீயே இழை. கறை போன பிறகு கூப்பிடு."

ஏணி ஆடிய சத்தம். தலைக்கு மேல் இரண்டு ஜோடி பூட்ஸ். பிறகு மண்வாரி கூரைத் தகட்டில் உரசி, நிறுத்தி, உரசி, ஒவ்வொரு உரசலுக்கும் பின்னால் ஒரு பெரும் பொதி சரிந்து ஜன்னலுக்கு வெளியே விழுந்தது, ஒவ்வொரு பொதிக்கும் ஜன்னலில் இருந்த வெளிச்சம் ஒரு சாண் குறைந்தது. காலை பத்து மணிக்குப் பட்டறை கிணற்றின் அடிபோல இருண்டது. அவள் விளக்கைப் போட்டாள். மேசைக்கு வந்தாள்.

கதவைத் திருப்பி வைக்க முடியாது. நார் விடாது. விரல்கள் இப்போது அவளைப் பார்த்திருந்தன.

இழைப்புளியை எதிர் ஓரத்தில் வைத்தாள். இழுத்தாள்.

சுருள் எழுந்து, அவள் கையுறைமேல் சரிந்து, தரையில் விழுந்தது. உள்ளங்கையின் ரேகைகள் தெரிந்தன. அவளுக்கு அவை மனப்பாடம். முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் பார்த்தவை.

இழுத்தாள். விரல் கணுக்களின் மடிப்புகள்.

இழுத்தாள். கட்டைவிரலில் ஒரு வெட்டுத் தழும்பு. அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிரிந்த பிறகு வந்திருக்க வேண்டும்.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அரை மில்லி போயிருந்தது. கதவில் கையை வைத்துப் பார்த்தாள். கையுறைக்குள்ளேயே தெரிந்தது. கதவு சூடாக இருந்தது. அடுப்பு அந்தப் பக்கம் இல்லை.

இழுத்தாள். விரல்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன.

கீழே கிடந்த சுருள்களைப் பார்த்தாள். வரிசையாக விழுந்திருந்தன. முதலாவதில் விரிந்த கை. அடுத்ததில் சற்று மடங்கியது. அடுத்ததில் இன்னும். கை எதையோ பிடிக்கத் தொடங்கியிருந்தது.

மரத்தில் துளித் துளியாக ஈரம் அரும்பியது. வேர்வை நாற்றம். சாராயம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்தப் பழக்கம் இன்னும் உடம்பில் இருந்தது.

இப்போது மேலே போய்ச் சொல்லலாம். ஏணி வாசலில்தான் இருக்கிறது. மேஸ்திரி கத்தமாட்டார். குரல் இறங்கும். நாளைக்கு முற்றத்தில் தீ எரியும். ஐந்நூறு வருட மரம், பன்னிரண்டு நாள் வேலை, அவள் ஒன்பது வருடம். அது போனால் போகட்டும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். ஐம்பது நாள். அவன் பெயரைச் சொல்லவேண்டும். அவனுக்காக மீன் சாப்பிடாமல் இருக்கவேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து, பாவம், புருஷன் போய்ட்டானே என்பார்கள். அவள் தலை குனியவேண்டும்.

அவள் ஒருமுறைதான் குனிந்திருக்கிறாள். விரல் ஒடிந்த அன்றைக்கு.

"தரமாட்டேன்" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கதவைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டுச்சா? ஐம்பது நாள் என்ன, ஒரு நாள்கூட உனக்குத் தரமாட்டேன். அரை நாள்கூட. செத்தவன் செத்த இடத்துல கெட."

மேலே மண்வாரி நின்றது.

அவள் இழுத்தாள். தோளையும் இடுப்பையும் சேர்த்து இழுத்தாள். சுருள். இழுத்தாள். விரல்கள் மூடின. இழுத்தாள். முஷ்டி. இழுத்தாள். முஷ்டி சிறுத்தது. இழுத்தாள். ஒரு புள்ளி.

இழுத்தாள்.

வெள்ளை.

கதவு வெள்ளையாக இருந்தது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். நார் மட்டும்தான், நேராக, ஒன்றையொன்று தொடாமல். அளவுகோலை வைத்தாள். சரியாக ஒரு மில்லி. ஹினோகி வாசனை மட்டும்.

கூரையிலிருந்து குராதாவின் குரல் வந்தது. "போச்சா?"

"போச்சு மேஸ்திரி."

"என்ன?"

"போயிடுச்சு!" அவள் கத்தினாள். சிரிப்பு வந்துவிட்டது. "சுத்தமா போயிடுச்சு!"

"ஓரமெல்லாம் ஒண்ணா இருக்கணும். கடைசியா ஒரு தடவை, லேசா."

மண்வாரி மறுபடி தொடங்கியது. அவள் அலகைச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளினாள். மூச்சளவுக்குத்தான் எடுக்கும். எதிர் ஓரத்தில் வைத்தாள். வலது கை மேலே, இடது கை பின்னால்.

ஜன்னலின் கடைசிச் சாணும் மூடியது.

இழைப்புளி கனத்தது. மரம் கனப்பதுபோல இல்லை. யாரோ மேலே சாய்ந்ததுபோல.

அவள் கையுறையைப் பார்த்தாள். வலது கை. புறங்கை. வெள்ளைப் பருத்தியில் லேசான மஞ்சள். ஒரு பெரிய திட்டு. விரல்களின் மேல் நாலு. ஐந்தாவது மட்டும் கையுறைக்கு வெளியே, மரத்தின்மேல்.

பதினோரு நாள் எடுக்கவில்லை. பார்க்கப் பார்க்கப் பழுத்தது.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

வாயைத் திறந்தாள். மேலே தகட்டில் இரும்பு உரசியது. பனி விழுந்தது.

அவள் இழுக்கவில்லை. இழைப்புளி வந்தது.

மெதுவாக. கதவின் பாதி. சுருள் எழுந்தது. நீளமாக, உடையாமல். அதில் நார் இல்லை. நுண்ணிய துளைகள் இருந்தன. மெல்லிய ரோமம் இருந்தது. கையுறைமேல் சரிந்தது. சூடு.

கதவின் முக்கால்.

அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள். கை நீண்டது. இழைப்புளி விடவில்லை. இன்னோர் அடி வைக்கக் காலைத் தூக்கினாள். பின்னாலிருந்து, தலைமுடியில், யாரோ பிடித்தார்கள்.

கதவு முடிந்தது. இழைப்புளி நிற்கவில்லை.